தைரியராஜ் சும்மா இருந்த கதை

எங்க வீட்டுக்காரருக்கு ஞானஸ்நானத்துல பேரு வெச்ச சாமியாரை நான் பாத்ததில்ல. பாத்திருந்தா ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். பல்லியைக் கண்டா கட்டில் மேல ஏறி நிக்கிற மனுஷனுக்குப் போயி தைரியராஜ்னு பேரு வைக்க எப்படிங்க மனசு வந்துச்சு?

நான் பேட்ரிசியா. காட்டூர்ல ஒரு ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். அவரு என்னை பேட்ரின்னு கூப்பிடுவாரு. நாத்தனாருங்க அதையே இழுத்து பேட்டரின்னு ஆக்கிட்டாங்க. எனக்கு வாய் ஓயாதாம், சார்ஜே இறங்காதாம். சொல்லிட்டுப் போகட்டும். இந்த வீட்ல ரெண்டு பேருக்கும் சேத்து நான்தானே பேச வேண்டியிருக்கு!

அவரு ஒரு காலேஜ் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து போன வருஷம்தான் ரிட்டயர் ஆனாரு. யாரையும் ஒரு சுடுசொல் சொன்னதில்ல, ஒருத்தர் ஃபைலையும் இழுத்தடிச்சதில்ல. தங்கமான மனுஷன்னு ஊரே சொல்லும். நானும் சொல்லுவேன். ஆனா பயம்னா அப்படி ஒரு பயம். எங்க கல்யாணத்துல தாலி கட்டுறப்ப கை நடுங்கி நடுங்கி முடிச்சு விழவே இல்ல, அவரு தங்கச்சிதான் வாங்கிப் போட்டுச்சு. லிஃப்ட்ல ஏற மாட்டாரு. காந்தி மார்க்கெட்ல ரோட்டைக் கடக்கணும்னா என் முந்தானையைப் பிடிச்சுக்குவாரு. கேட்டா, "நீ தொலைஞ்சு போயிடக் கூடாதுல்ல பேட்ரி"ம்பாரு. விருந்தாளிங்களை மலைக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனா, உச்சியை ஒருதரம் அண்ணாந்து பாத்துட்டு, "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க, நான் செருப்பைப் பாத்துக்கறேன்"னு கீழேயே உக்காந்துடுவாரு. எங்க பொண்ணு பிரான்சி பொறந்தப்ப எனக்குப் பிரசவ வலி, மயக்கம் போட்டு விழுந்தது அவரு. நர்சம்மா என்னை விட்டுட்டு அவருக்குத் தண்ணி தெளிச்சாங்க. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறல.

இப்படிப்பட்ட ஆளு, போன தவக்காலத்துல, கோயில்ல பூசை முடிஞ்சு ஃபாதர் அறிவிப்பு சொன்னப்ப முதல் ஆளா கையைத் தூக்கினாரு. ஏதோ ஃபேன் வேகம் பத்தலன்னு தூக்குறாரோன்னு நான் நினைச்சேன்.

அறிவிப்பு என்னன்னா, டாக்டர் பஸீலான்னு ஒரு அம்மா வந்திருந்தாங்க. நாலஞ்சு நாட்டுக்காரங்க சேந்து மூளையைப் பத்தி ஒரு ஆராய்ச்சி பண்றாங்களாம். ஒவ்வொரு நாட்லயும் வயசான, நல்லா இருக்கிற ஆளுங்களை ஸ்கேன் எடுத்து ஒண்ணா வெச்சுப் பாப்பாங்களாம். நம்ம திருச்சியில இந்த அம்மா பொறுப்பு. கோயில் ஹால்ல எங்களை உக்கார வெச்சு அவங்க சொன்னது எனக்கே புரிஞ்சுது. "மூளைக்குள்ள ஊரு ஊரா இருக்குன்னு வெச்சுக்கங்க. பேச்சுக்கு ஒரு ஊரு, கைக்கு ஒரு ஊரு, பாக்குறதுக்கு ஒரு ஊரு. எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்கு நேர் பஸ் இருக்குன்னு பாக்குறோம். நாம ஒண்ணும் செய்யாம சும்மா இருக்கிறப்பகூட சில ரூட்ல பஸ் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதுதான் எங்களுக்கு வேணும். இது நல்லாத் தெரிஞ்சா, நாளைக்கு நோய் வர்றதை முன்னாடியே கண்டுபிடிக்கலாம்."

வீட்டுக்கு வர்ற வழியில கேட்டேன். "ஏங்க, அந்த மெஷின் குகை மாதிரி இருக்குமாம், தடதடன்னு சத்தம் போடுமாம். லிஃப்ட்ல ஏறாத ஆளு, அதுக்குள்ள எப்படிப் படுப்பீங்க?"

எதிர்ல வந்த லாரிக்குப் பயந்து என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டாரு. அப்புறம், "அண்ணனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்ல பேட்ரி"ன்னாரு.

அண்ணன்னா ஆசீர் அத்தான். இவருக்கு அப்பா மாதிரி. ஒருநாள் டவுன்ல இருந்து பஸ்ல வந்தவரு, காட்டூர்ல இறங்க மறந்து துவாக்குடி வரைக்கும் போயிட்டாரு. எங்க இறங்கணும்னே ஞாபகம் வரலயாம். தூங்கிட்டீங்கன்னு எல்லாரும் கிண்டல் பண்ணினோம். மூளையில கட்டி. ஆறு மாசம்கூட இருக்கல. அதுக்கப்புறம் எங்க வீட்ல யாருக்குத் தலை வலிச்சாலும் வாயைத் திறந்து சொல்ல மாட்டோம். சத்தமில்லாம தைலத்தைத் தடவிக்கிட்டுப் படுத்துக்குவோம்.

ஸ்கேன் எடுத்த அன்னிக்கு அவரு முகத்துல ரத்தமே இல்ல. அரவிந்தன்னு ஒரு தம்பிதான் மெஷினைப் பாத்துக்கறாரு. பெல்ட், வாட்ச், பாக்கெட்ல இருந்த செபமாலை எல்லாத்தையும் வாங்கி என் கையில குடுத்தாரு. "சார், கண்ணுக்கு முன்னாடி ஒரு சின்ன ஸ்கிரீன் இருக்கும். அதுல தெரியறதையே பாத்துக்கிட்டு சும்மா இருங்க. தூங்கிடாதீங்க, அசையாதீங்க. அவ்வளவுதான்"னு சொன்னாரு. நான் வெளியில உக்காந்து, எப்போ அலறப் போறாரோன்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். அலறவே இல்லங்க! வெளியில வந்தப்ப முகம் பூரா சிரிப்பு.

"ஒண்ணுமே இல்ல பேட்ரி. நான் பாட்டுக்குச் சும்மா இருந்தேன், அது பாட்டுக்குச் சத்தம் போட்டுச்சு."

ஒரு வாரத்துக்கு அவரைக் கையில பிடிக்க முடியல. பால்காரர், எதிர்வீட்டு விக்டர் சார், இஸ்திரி போடுறவரு, எல்லார்கிட்டயும், "நம்ம மூளை இப்ப வெளிநாட்ல இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. போதும் நிறுத்துங்கன்னு நான்தான் அதட்டினேன். உள்ளுக்குள்ள எனக்கும் பெருமைதான்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போன் வந்துச்சு. நான்தான் எடுத்தேன். அந்த அரவிந்தன் தம்பி.

"அம்மா, சாரோட நெட்வொர்க் கொஞ்சம் வித்தியாசமா இருக்கும்மா."

"இங்க சிக்னல் வராது தம்பி, இருங்க, மாடிக்குப் போறேன்."

மாடிக்கு ஓடினேன். "இப்ப சொல்லுங்க தம்பி, நல்லாக் கேக்குது."

"அய்யோ, போன் இல்லம்மா. சாரோட மூளையில. நெதர்லாந்துல இருக்கிறவங்க ஸ்கேனைப் பாத்துட்டு, ஏதோ மாதிரி இருக்கு, நேர்ல பேசணும்னு சொல்றாங்க. திங்கக்கிழமை வந்துடுங்க. டாக்டர் சொல்லுவாங்க."

தம்பி வெச்சுட்டாரு. நான் மாடியில துணிக்கொடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மாதாவே, இன்னொரு தடவையா, இந்த வீட்டுக்கே இன்னொரு தடவையான்னு வாய்விட்டுக் கேட்டேன். திரும்பிப் பாத்தா, பின்னாடியே வந்து நிக்கிறாரு. எல்லாத்தையும் கேட்டிருக்காரு.

பயப்படாதீங்கன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அவரு முந்திக்கிட்டாரு. "காட்டூர், அரியமங்கலம், காந்தி மார்க்கெட், மெயின்கார்ட்கேட், சத்திரம்." மூச்சு விடாம சொல்லிட்டு என் முகத்தைப் பாத்தாரு. "ஸ்டாப் எல்லாம் ஞாபகம் இருக்கு பேட்ரி. பாத்தியா?"

பால்பண்ணையை விட்டுட்டாரு. நான் சொல்லல. ஆனா நான் சொல்லாததே அவருக்குக் காட்டிக் குடுத்துடுச்சு. விரல் விட்டு மறுபடி எண்ணினாரு. "பால்பண்ணையை விட்டுட்டேனே"ன்னு அப்படியே தண்ணித்தொட்டி பக்கத்துல உக்காந்துட்டாரு. அவரு மட்டுமா, நானும்தான் உக்காந்தேன்.

அடுத்த மூணு நாள் எங்க வீட்ல ஓடினதைச் சொன்னா அடிக்க வருவீங்க. கரண்ட் பில் எப்படிக் கட்டுறது, கேஸ் எப்படி புக் பண்றதுன்னு எனக்குப் பாடம் நடத்துறாரு. எனக்கு! மோட்டார் சுவிட்சைத் தொடக்கூட பயப்படுற ஆளு, எனக்கு மோட்டார் போடச் சொல்லித் தர்றாரு. "எதுக்குங்க இப்ப இதெல்லாம்?"னு கத்தினேன். "சும்மா தெரிஞ்சு வெச்சுக்க"ன்னாரு. சமையக்கட்டுக்குள்ள போயி மிக்ஸியைப் போட்டுக்கிட்டு அழுதேன். ராத்திரியில ரெண்டு பேரும் தூங்குற மாதிரி நடிச்சோம். அவருக்குப் படுத்த உடனே குறட்டை வந்துடும். அந்தக் குறட்டைக்காக அவரை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அந்த மூணு நாளும் குறட்டை வரல. ஒரே ஒரு தடவை குறட்டை விடுங்களேன்னு கேக்கணும் போல இருந்துச்சு. பிரான்சி சென்னையில இருந்து போன் பண்ணினப்ப, எல்லாம் நல்லா இருக்கோம்னு சொல்லிட்டோம்.

திங்கக்கிழமை ஸ்கேன் சென்டருக்குப் போனா, எங்களுக்கு முன்னாடியே ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. ஸ்ரீரங்கம், கீழச் சித்திரை வீதி, பேரு ஆனந்தவள்ளி. அவங்களுக்கும் அதே போன்.

"எனக்கும் நெட்வொர்க் சரியில்லேன்னு சொல்லிட்டா. பெருமாள் விட்ட வழின்னு வந்து உக்காந்துண்டிருக்கேன்"னாங்க. பாவம், கையில இருந்த துளசி கசங்கிப் போயிருந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்குக் கோபம் பத்திக்கிட்டு வந்துச்சு. ரெண்டு குடும்பத்தை இப்படி உயிரோட வறுத்தா அது என்னங்க ஆராய்ச்சி?

முதல்ல எங்களைக் கூப்பிட்டாங்க. உள்ள டாக்டர் பஸீலா, பக்கத்துல அரவிந்தன். மேசை மேல கம்ப்யூட்டர்ல ஒரு வெள்ளைக்காரம்மா, நெதர்லாந்துல இருந்து. பேரு ஹன்னா. அங்க அப்பதான் விடியுது போல, கையில காபி கோப்பையோட உக்காந்திருந்தாங்க.

எங்க முகத்தைப் பாத்ததும் பஸீலா டாக்டருக்கு ஏதோ உறைச்சிருக்கணும். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கட்டி, அடைப்பு, எந்தக் கோளாறும் சாருக்கு இல்ல. அதை ஸ்கேன் எடுத்த அன்னிக்கே பாத்துட்டோம். படம் சுத்தமா இருக்கு."

எங்க வீட்டுக்காரர் அப்படியே கண்ணை மூடிட்டாரு. எனக்குத்தான் அடக்க முடியல.

"அதைப் போன்ல சொல்றதுக்கு என்னங்க டாக்டர்? மூணு நாளா நாங்க சாப்பிடல, தூங்கல. இந்த மனுஷன் எனக்கு மோட்டார் போடச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்காரு! இவங்க அண்ணன் எப்படிப் போனாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"யா அல்லாஹ்!" டாக்டர் எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "நான்தான்மா போன் பண்ணியிருக்கணும். தப்பு எங்க பேர்ல. மன்னிச்சுக்கங்க." அரவிந்தன் தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. ஹன்னாவுக்கு விஷயத்தை இங்கிலீஷ்ல சொன்னதும், அந்தம்மா காபியைக் கீழ வெச்சுட்டு, ரெண்டு கையையும் சேத்து எங்களைப் பாத்துக் கும்பிட்டாங்க. அதுக்கு மேல எப்படிங்க திட்டறது?

"அப்ப எதுக்கு டாக்டர் கூப்பிட்டீங்க?"

"சும்மா இருக்கிறப்ப ஓட வேண்டிய பஸ்ஸே வேற. சாருக்குப் பேச்சு ஊருக்கும் கை ஊருக்கும் நடுவுல விடாம பஸ் ஓடியிருக்கு. அதுவும் தாளம் போட்ட மாதிரி, போறதும் நிக்கிறதும் மறுபடி போறதுமா. மத்த நாட்ல யாருக்கும் இப்படி இல்ல. திருச்சியில மட்டும் நிறைய பேருக்கு வருது. நம்ம மெஷின்ல கோளாறான்னு பாத்தோம், இல்ல. இது என்னன்னு தெரியலன்னா திருச்சி ஸ்கேன் அத்தனையும் வீணாப் போயிடும். சார், அந்தப் பத்து நிமிஷமும் உள்ள என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"சும்மாதான் இருந்தேன் டாக்டர்."

"மனசுக்குள்ள ஏதாவது பேசினீங்களா?"

"இல்லங்க. சும்மாதான் இருந்தேன்."

பஸீலா டாக்டர் ஹன்னாவைப் பாத்தாங்க. ஹன்னா பஸீலாவைப் பாத்தாங்க. நான் எங்க வீட்டுக்காரரைப் பாத்தேன். மடியில கை. வலது கட்டைவிரல் பக்கத்து விரல் கணுவுல மெதுவா நகந்து நகந்து போகுது.

"டாக்டர், இவரு கையைப் பாருங்க!"

எல்லாரும் பாத்தாங்க. அவரு பதறி, கையைப் பின்னாடி மறைச்சுக்கிட்டாரு.

"என்னங்க பண்றீங்க இப்ப?"

"சும்மாதானே இருக்கேன் பேட்ரி!"

"செபமாலை சொல்றீங்களா இல்லையா?"

"ஆமா, செபமாலைதான் சொல்றேன். அதைத்தானே சும்மா இருக்கேன்னு சொல்றேன்?"

அட ஆண்டவரே! கூட குடித்தனம் பண்ற எனக்கே அப்பதாங்க தெரியுது. பயந்தா விரல் ஓடும்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். டீவி பாக்குறப்ப, பஸ்ல போறப்ப, வரிசையில நிக்கிறப்ப, அவருக்குச் சும்மா இருக்கிறதுன்னாலே அதுதானாம்.

"அன்னிக்கு மெஷினுக்குள்ளயும் சொன்னீங்களா சார்?" டாக்டர் கேட்டாங்க.

"சொல்லாம? நீங்கதானே கண்ணுக்கு முன்னாடி சிலுவையைக் காட்டி, அதையே பாத்துக்கிட்டு இருங்கன்னீங்க? சிலுவையைப் பாத்துக்கிட்டு செபம் பண்ணாம வேற என்ன பண்றதுங்க?"

"எந்தச் சிலுவை சார்?"

"ஸ்கிரீன்ல. வெள்ளையா, நடுவுல. எல்லா மதத்துக்காரங்களையும் எப்படி மதிக்கிறாங்க பாருன்னு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

அரவிந்தன் தம்பி நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. "சார், அது கூட்டல் குறி சார்! கண்ணு அலையாம இருக்கிறதுக்கு எல்லா நாட்லயும் அதைத்தான் போடுவாங்க."

பஸீலா டாக்டருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கிட்டு வந்துடுச்சு. அதை ஹன்னாவுக்கு எடுத்துச் சொல்றதுக்குள்ள மூணு தடவை மூச்சு வாங்கினாங்க. அந்தம்மாவும் அங்க உக்காந்து அப்படிச் சிரிக்கிறாங்க. அப்புறம் ஏதோ சொன்னாங்க. டாக்டர் தமிழ்ல சொன்னாங்க: "அங்க இதுக்குப் பேரே சிலுவைதானாம். வருஷக்கணக்கா அதைச் சிலுவைன்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தும், ஒருத்தர் அதைப் பாத்துச் செபம் பண்ணுவாருன்னு தோணவே இல்லயேங்கறாங்க. ஸ்கேனுக்கு வர்றவங்ககிட்ட சொல்றதுக்கு 'சும்மா இருங்க'ன்னு தமிழ்ல எழுதிக் குடுத்தது நான். எனக்கும் தோணலயே!"

ஆனந்தவள்ளியம்மாவை உடனே உள்ள கூப்பிட்டாங்க. கட்டி கிட்டி ஒண்ணும் இல்லன்னு முதல் வார்த்தையிலயே சொல்லிட்டாங்க, என் முகத்தை ஒரு தரம் பாத்துட்டு. "நீங்க உள்ள என்னம்மா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. பெருமாள் நாமத்தைச் சொல்லிண்டு சும்மா இருந்தேன்."

இந்தத் தடவை எங்க வீட்டுக்காரரே சிரிச்சாரு. கண்ணுல தண்ணி ஓடுது, சிரிக்கிறாரு. அதைப் பாத்து எனக்கும் அழுகையும் சிரிப்புமா வந்துச்சு.

சரி, மறுபடி ஸ்கேன் எடுக்கணும்னாங்க. கூட்டல் குறி வேண்டாம், ஒரு புள்ளி வைக்கலாமான்னு ஹன்னா கேட்டாங்க. ஆனந்தவள்ளியம்மா உடனே, "புள்ளியா? ஒத்தைப் புள்ளியை வெச்சுட்டா, எனக்குப் பக்கத்துல அடுத்த புள்ளி வெக்கத் தோணுமே. கோலம் போட்டு முடிச்சுட்டுத்தான் வெளியில வருவேன்"னாங்க. கடைசியில புள்ளியும் வேண்டாம், சிலுவையும் வேண்டாம், வெறும் சாம்பல் கலர் போதும்னு முடிவாச்சு. செபமும் இல்ல, நாமமும் இல்ல. மனசு எங்க போகுதோ அங்க விட்டுடணும்.

அதைக் கேட்டதும் எங்க வீட்டுக்காரருக்கு முகம் வாடிப் போச்சு. மெஷின் ரூம் வாசல்ல நின்னு என் காதுகிட்ட சொன்னாரு. "செபம் பண்ணக் கூடாதுன்னா நான் எப்படி பேட்ரி உள்ள படுக்கிறது? அன்னிக்கு அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே படுத்திருந்தேன். பயமா இருக்குமே."

அவரு பாக்கெட்ல இருந்த செபமாலையை நானே எடுத்துக்கிட்டேன். "நீங்க போயிப் படுங்க. உங்களுக்கும் சேத்து நான் வெளியில சொல்றேன். ஒண்ணு விடாம சொல்றேன்."

"நிஜமா?"

"போங்கங்கறேன்ல!"

போனாரு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அரவிந்தன் தம்பி பக்கத்துல எனக்கும் ஒரு நாற்காலி போட்டாங்க. மெஷின் தடதடன்னு ஆரம்பிச்சுது. நான் மாலையை உருட்ட ஆரம்பிச்சேன். சாதாரணமா எனக்குச் செபமாலை சொல்றப்ப மனசு அடுப்புல இருக்கும், பால்ல இருக்கும். அன்னிக்கு ஒரு மணியில இருந்துகூட மனசு நகரல. அவருக்கு ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு ஒவ்வொரு மணிக்கும் சொல்லிக்கிட்டேன்.

பாதியில சத்தம் நின்னுச்சு. ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவுல கொஞ்சம் நிக்குமாம். அந்த அமைதியில ஸ்பீக்கர்ல ஒரு சத்தம் வந்துச்சு. அரவிந்தன் தம்பி மெஷின்ல ஏதோ கோளாறுன்னு பதறி எழுந்தாரு. எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்?

கொர்ர்ர்ன்னு, நிதானமா, நிம்மதியா, எங்க வீட்டுக் குறட்டை.

லிஃப்ட்ல ஏறாத மனுஷன், அந்தக் குகைக்குள்ள அசந்து தூங்குறாரு. மணியைப் பிடிச்சிருந்த கையாலயே வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். அந்த வியாழக்கிழமையில இருந்து தேங்கிக் கிடந்தது எல்லாம் வந்துடுச்சு.

"தூங்கிட்டாரு டாக்டர். தூங்கினா இந்த ஸ்கேனும் செல்லாதே. எழுப்பட்டுமா?" தம்பி மைக் பக்கம் கையை நீட்டினாரு.

டாக்டர் என்னைப் பாத்தாங்க. நான் மைக்கை உள்ளங்கையால மூடிக்கிட்டேன்.

"விடுங்க தம்பி, இன்னொரு நாள் கூட்டிட்டு வரேன். இப்பதான் அவரு சும்மா இருக்காரு."